பதினேழு புள்ளி எட்டு... நார்மல்!

1

லேப் போன் அலறியது.

காலை எட்டு இருபது. செம்பூர் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் இரண்டாவது மாடி. ரிசப்ஷன் பெண் இன்னும் வரவில்லை. போனை எடுத்தவள் ராஜலக்ஷ்மி.

வயது ஐம்பத்தாறு. வீடு மாட்டுங்கா. இருபத்தெட்டு வருஷமாக இந்த லேப்பின் பயோகெமிஸ்ட். அவள் கையெழுத்து விழாமல் ஒரு ஹார்மோன் ரிப்போர்ட்டும் வாசல் தாண்டாது. மூக்கு நுனியில் கோபம். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

"மேடம்... இசக்கி பேசுதேன்..."

இசக்கிராஜ். தாராவிக்காரன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் பிரிவுக்கு இன்சார்ஜ். டெஸ்ட் கிட் வைத்திருக்கும் ஸ்டோர் சாவியும் அவனிடம்தான். குரல் உடைந்திருந்தது.

"எங்க அத்தான் போயிட்டாவ மேடம்."

"யாரு... ஞானதுரையா?"

"ஆமா மேடம். சஷ்டி விரதம். இன்னைக்கு நாலாம் நாளு. விடியக்காலம் அக்கா துளசித் தண்ணி குடுத்திருக்கு. குடிச்ச கொஞ்ச நேரத்துல வாந்தி. ரிக்‌ஷாவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனோம்... பாதி வழியிலயே முடிஞ்சு போச்சு."

மீதியை அழுகைக்கு நடுவே சொன்னான். முந்தின நாள் அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை. விரதத்தை முடியுங்கள் என்று அவள் கத்த, மாட்டேன் என்று அவர் கத்த, கடைசியில் "இப்படியே கெடந்து சாவும்" என்று அவள் சொன்னது சந்து முழுக்கக் கேட்டிருக்கிறது. போலீஸுக்கு அது போதும். துளசித் தண்ணீரில் விஷம் என்று சந்தேகம். அக்கா ஆறுமுகத்தாய் ஜீப்பில் ஏற்றப்பட்டுவிட்டாள்.

போனை வைத்த பிறகுதான் ராஜலக்ஷ்மிக்கு அது உறைத்தது.

ஞானதுரை பெயரில் அவள் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்!

கம்ப்யூட்டரைத் தட்டினாள். பத்து நாளைக்கு முந்தைய தேதி. கார்ட்டிசால்: 17.8. நார்மல்.

கார்ட்டிசால்... உடம்பு தானே சுரந்துகொள்ளும் ஸ்டீராய்டு. அது இருப்பதால்தான் மனிதன் பட்டினியையும் காய்ச்சலையும் தாங்குகிறான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு மருந்தை மாதக்கணக்கில் விழுங்கினால், 'எனக்கென்ன வேலை' என்று சுரப்பி தூங்கிவிடும். அப்புறம் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நாலைந்து நாளில் கதை முடியும். முதலில் வாந்தி, அப்புறம் பிரஷர் விழும், அப்புறம் ஆளே விழுவார்.

நாலாம் நாள்!

ஆனால் தூங்குகிற சுரப்பிக்கு 17.8 எப்படி வரும்? பூஜ்யத்தை ஒட்டி அல்லவா வர வேண்டும்?

ராஜலக்ஷ்மி தன்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டு கைப்பையை எடுத்தாள்.

2

போலீஸ் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் மன்சூர் அலி நிமிர்ந்து பார்த்தான். தாராவியில் பிறந்தவன். அப்பாவுக்கு மேலப்பாளையம். முப்பது வயதிலேயே பாதி முடி நரைத்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம்தான் மேடம். நாளைக்குக் கோர்ட்ல நிறுத்திக் கஸ்டடி எடுக்கணும்."

பெஞ்சின் ஓரத்தில் ஆறுமுகத்தாய் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கண்கள் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ராஜலக்ஷ்மி நேராகக் கேட்டாள். "உன் ஆத்துக்காரர் என்ன மருந்து சாப்பிட்டார்?"

"மூட்டு வலிக்குப் பொடி. பாண்டுப்புல ஒரு கடையில விக்காவ. ஒன்றரை வருசமா அதான். தின்ன ஒரு வாரத்துல எந்திரிச்சு ஓடுனாவ. பை தைக்கிற மிஷின்ல பன்னெண்டு மணி நேரம் உக்காந்தாவ. அப்புறம் மொகம் இட்லி கணக்கா உப்பிப் போச்சு. லேசா இடிச்சாக்கூட தோலு கன்னிப் போவும்."

தெரு முனைக் கிளினிக் டாக்டருக்கு அதைப் பார்த்ததும் சந்தேகம். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சொல்லி, கார்ட்டிசால் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஞானதுரை கொதித்துப் போனாராம். ரிப்போர்ட் வரட்டும், பொடி விற்கிறவனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்காமல் விடமாட்டேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

வந்தது ரிப்போர்ட். நார்மல்!

டாக்டர் வாயை மூடிக்கொண்டார். ஞானதுரை பொடியைத் தொடர்ந்தார். விரதம் தொடங்கிய அன்று, வழக்கம்போல் எல்லா மருந்தையும் ஒதுக்கி வைத்தார். ஆறு நாளும் துளசித் தண்ணீர் மட்டும். வருஷா வருஷம் அப்படித்தான்.

"ரத்தம் எடுத்த அன்னைக்குப் பொடி சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாவ. தம்பிதான் வந்து எடுத்தான். பொடியக் குடிச்சு ஒரு மணி நேரங் கழிச்சு எடுப்போம் அத்தான், அப்பத்தான் சரியா வரும்னான்."

ராஜலக்ஷ்மி பல்லைக் கடித்தாள். ரத்தத்தில் பொடி இருந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை அவளிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டரில் பெயர், வயது, டெஸ்ட். அவ்வளவுதான்!

"சார், என்னோட மெஷின் ஏமாந்துடுத்து" என்றாள் மன்சூர் அலியிடம்.

அவன் பேனாவைக் கீழே வைத்தான். அவள் விளக்கினாள். அவள் லேப்பின் மெஷின் கார்ட்டிசாலை முகஜாடையை வைத்துத்தான் பிடிக்கும். யூனிஃபார்மைப் பார்த்துக் கேட்டைத் திறந்துவிடும் வாட்ச்மேன் மாதிரி. ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கும் கிட்டத்தட்ட அதே ஜாடை. மெஷின் இரண்டையும் கூட்டி ஒரே நம்பராகச் சொல்லிவிடும். இந்தக் குறை ஒவ்வொரு கிட் பெட்டிக்குள்ளும் மடித்து வைத்த தாளில் அச்சாகியே வருகிறது. யார் படிக்கிறார்கள்?

"வாஷியில ஒரு பெரிய லேப்ல வேற மெஷின் இருக்கு. அது ஜாடை பார்க்காது, ஒவ்வொண்ணா எடை போட்டுப் பிரிக்கும். ஞானதுரையோட ரத்தம் எங்க ஃப்ரீஸர்ல இன்னும் இருக்கு. அங்க அனுப்பறேன்."

"அது சரி மேடம். துளசித் தண்ணியில ஒண்ணும் இல்லைன்னு போலீஸ் லேப் காகிதம் வர மாசக்கணக்காவும். அதுவரைக்கும் இந்தம்மா உள்ளதான். உங்க காகிதம் எப்ப வரும்?"

"நாலு நாள்."

"அப்ப நாலு நாளு உள்ள இருக்கட்டும்" என்றான்.

அவள் முறைத்த முறையில் மன்சூர் அலி ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

3

"ஆன்ட்டி, உங்களுக்குப் பைத்தியமா?"

அன்று சாயங்காலம் ஃப்ரீஸர் அறை வாசலை மறித்து நின்றவன் லேப் முதலாளி அஷ்வத். முப்பத்திரண்டு வயது. அப்பா கட்டிய லேப்பில் ஏசியும் சோபாவும் போட்டவன்.

"நம்ம ரிப்போர்ட் நார்மல்னு சொல்றது. கையெழுத்து உங்களுது. அதைத் தப்புன்னு நிரூபிக்க நீங்களே வாஷிக்கு அனுப்பறேளா? வெளியில தெரிஞ்சா லைசென்ஸ் என்ன ஆகும்?"

"போகட்டும்டா."

"ரெண்டு மெஷின்னா ரெண்டு நம்பர்தான் வரும். நீங்கதானே சொல்லுவேள்?"

"நம்பர் மாறலாம். மனுஷன் செத்துட்டான், அது மாறுமா? ஒரு பொம்மனாட்டி உள்ள உட்கார்ந்திருக்கா. வழி விடு."

ஃப்ரீஸர் அறைக் கதவு பின்னால் அறைந்து மூடிக்கொண்டது.

ஞானதுரையின் டியூபை எடுத்தாள். நல்லவேளை, போதுமான அளவு இருந்தது. பக்கத்து அடுக்கில் இன்னொரு டியூப் கண்ணில் பட்டது. பார்கோடு இல்லை, ரெஜிஸ்டரில் நம்பர் இல்லை. பச்சை டேப் மட்டும். வீட்டு டியூப்! லேப் ஆட்கள் தங்கள் வீட்டாருக்கு இனாமாக டெஸ்ட் பார்க்கும்போது இப்படித்தான் வைப்பார்கள். போன வாரமே இதற்காக இசக்கிராஜைத் திட்டியிருக்கிறாள். அவன் மனைவி பிரபாவதிக்கு ஏழாம் மாதம், சுகர் பார்க்கத்தான் என்று தலையைச் சொறிந்தான். பிள்ளைத்தாய்ச்சி என்று விட்டுவிட்டாள்.

மாதம் ஒருமுறை பத்து சாம்பிள்கள் வாஷிக்குப் போகும். இங்கே வந்த நம்பரும் அங்கே வரும் நம்பரும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க. அந்தப் பெட்டியிலேயே ஞானதுரையின் டியூபையும் வைத்தாள். சீட்டில் எழுதினாள்: கார்ட்டிசால், ப்ரெட்னிசலோன்.

"நான் கொண்டு போறேன் மேடம்."

வாசலில் இசக்கிராஜ். மொட்டைத் தலை. அத்தானுக்கு எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்துவிட்டு நேராக வந்திருக்கிறான்.

"நீ ஆத்துக்குப் போ. வேற யாராவது போகட்டும்."

"எங்க அக்காவுக்காக மேடம். என் கையால கொண்டு போனாத்தான் மனசு ஆறும்." சீட்டைப் படித்தான். "இந்த ரெண்டு மட்டுந்தானா மேடம்?"

"வேற என்னடா வேணும்?" என்று எரிந்து விழுந்தாள். உடனே பாவமாக இருந்தது. பெட்டியை அவன் கையில் கொடுத்துத் தோளைத் தட்டினாள். அதற்கு நடுவிலும் ஸ்டேஷனில் அக்காவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தானாமே, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

வாஷி ரயிலில் ஏறினான் இசக்கிராஜ்.

4

நாலாம் நாள் மத்தியானம்.

அஷ்வத் மொபைலை ஆட்டிக்கொண்டே வந்தான். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"வாஷி ரிப்போர்ட் வந்தாச்சு. ஞானதுரை, கார்ட்டிசால் 24.6. ப்ரெட்னிசலோன் இல்லை. இங்க 17.8, அங்க 24.6. ரெண்டு லேப்புக்கு நடுவுல இவ்ளோ இருக்கும். நார்மல்னா நார்மல். விட்டுடுங்கோ ஆன்ட்டி."

இசக்கிராஜ் சுவரில் சாய்ந்தான். கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"அப்போ... எங்க அக்காதானா மேடம்?"

ராஜலக்ஷ்மி நாற்காலியில் உட்கார்ந்தாள். தான்தான் தப்பா? ஒரு பெண்ணுக்கு வீணாக நம்பிக்கை கொடுத்துவிட்டேனா?

கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டைரியை எடுத்தாள்.

அது அவள் ஒருத்தி மட்டும் பார்க்கும் டைரி. வாஷிக்கு எதை அனுப்பினாலும் அதே ரத்தத்தை இன்னொரு டியூபில் பொய்ப் பெயரில் அனுப்புவாள். அந்த லேப் ஒரே ரத்தத்துக்கு ஒரே நம்பர் சொல்கிறதா என்று பார்ப்பது வெகுநாள் பழக்கம். எந்தப் பெயரில் எந்த ரத்தம் என்பது இன்னொருவருக்குத் தெரிந்தால் சோதனைக்கு மரியாதை இல்லை. அதனால் யாரிடமும் மூச்சு விடமாட்டாள். பொய்ப் பெயருக்கு அன்றைக்கு யார்மேல் கோபமோ அவர் பெயர். இந்தத் தடவை, காலையில் தண்ணீர் விடாமல் உயிரை வாங்கும் மாட்டுங்கா பில்டிங் செகரெட்டரி சுரேந்திரன்.

பெட்டியில் பத்தாவது டியூப். அதுவும் ஞானதுரையின் ரத்தம்தான்!

"அஷ்வத், அதுல சுரேந்திரன்னு ஒரு பேர் இருக்கும். படி."

"சுரேந்திரன், வயசு நாற்பத்தெட்டு. கார்ட்டிசால்..." அவன் குரல் இறங்கியது. "0.7. ப்ரெட்னிசலோன் இருக்கு. நிறைய இருக்கு. யார் ஆன்ட்டி இவர்?"

ஒரே மனிதனின் ரத்தம். ஒரே பெட்டி. ஒரே மெஷின். 24.6ம் 0.7ம். எந்த மெஷினும் ஒரே ரத்தத்துக்கு அவ்வளவு வித்தியாசம் காட்டாது!

ஒரு டியூபில் இருந்தது ஞானதுரையின் ரத்தமே இல்லை.

"ஞானதுரையோட முழு ஷீட்டையும் திற. மாசாந்திரப் பெட்டிக்கு அவா எல்லா ஸ்டீராய்டு ஹார்மோனும் பார்த்துத் தருவா. அந்த மெஷின் ஒரே தடவையில பதினைஞ்சையும் சேர்த்து எடை போடும்."

அஷ்வத் திறந்தான். திருதிருவென்று விழித்தான்.

"ப்ரொஜெஸ்டிரோன் 128...? இது... இது..."

"சொல்லு."

"கர்ப்பிணிக்குன்னா வரும். ஏழு, எட்டு மாசம்..."

ராஜலக்ஷ்மி எழுந்தாள். ஃப்ரீஸர் அறைக்குப் போனாள். லேப்பில் இருந்த கர்ப்பிணிகளின் டியூப்கள் எல்லாம் பார்கோடும் அளவும் சரியாக, அப்படியே நின்றன. பச்சை டேப் ஒட்டியது மட்டும் இல்லை.

அங்கிருந்தே மன்சூர் அலிக்குப் போன் செய்தாள். பாண்டுப்பில் அந்தப் பொடிக் கடை யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். வரும்போது ஆறுமுகத்தாயையும் அழைத்து வரச் சொன்னாள்.

5

ஒன்றரை மணி நேரத்தில் ஜீப் வந்தது.

அதுவரை ராஜலக்ஷ்மி இசக்கிராஜைப் பழைய ரெஜிஸ்டர்களைத் துடைக்க வைத்திருந்தாள். கோபத்தை அவ்வளவு நேரம் வாய்க்குள் அடக்கியது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"இசக்கி, பிரபாவதியோட டியூப் எங்கடா?"

"அது... டெஸ்ட் முடிஞ்சுட்டுல்லா மேடம். தூக்கிப் போட்டுட்டேன்."

"எப்போ?"

"போன வாரம்..."

"நாலு நாளைக்கு முன்னாடி நான் அதைப் பார்த்தேன். உன் கையில பெட்டியைக் குடுக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி."

அவன் முகம் வெளுத்தது. கதவுப் பக்கம் பார்த்தான். அங்கே மன்சூர் அலி நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அக்கா.

"ரெஜிஸ்டர்ல இருக்கற டியூபைத் தொட்டா அளவு குறைஞ்சு மாட்டிப்பேன்னு பயந்தே. கணக்கே இல்லாதது வீட்டு டியூப் ஒண்ணுதான். அதை அத்தான் பேருக்கு மாத்திட்டே. கார்ட்டிசாலை மட்டும் யோசிச்சே. இங்க ஒரு கிட்டுக்கு ஒரு ஹார்மோன். அதையே பார்த்துப் பழகிட்டே. அங்க மொத்தத்தையும் பார்ப்பான்னு உனக்குத் தெரியலை. வாஷியில மீதி ரத்தம் இருக்கு. அது யாரோடதுன்னு டிஎன்ஏ சொல்லிடும். இன்னும் ஏதாவது பொய் சொல்லணுமா?"

இசக்கிராஜ் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான்.

மன்சூர் அலி பேசினான். பாண்டுப் கடை பிரபாவதி பெயரில். பின்கட்டில் மூட்டை மூட்டையாகப் பொடி, ட்ரம் நிறைய மாத்திரை, அரைக்க ஒரு கிரைண்டர். தாராவி, சயான், வாஷி வரைக்கும் நூற்றுக்கணக்கான பேர் வாங்குகிறார்கள். அவர்களையெல்லாம் பொடியைச் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் போகச் சொல்ல ஆள் அனுப்பியாகிவிட்டது. போலீஸுக்குப் போவேன் என்று அத்தான் சொன்னது யாரைப் பற்றி என்று அத்தானுக்கே தெரியாது. மச்சானுக்குத் தெரியும்!

"கிட்டோட வர்ற தாளை இந்த லேப்ல என்னைத் தவிரப் படிச்ச ஒரே ஆள் நீதாண்டா." ராஜலக்ஷ்மி மேஜையைத் தட்டினாள். "இந்த மாத்திரை ரத்தத்துல இருந்தா மெஷின் ஏமாறும்னு படிச்சே. பொடியைக் குடிக்க வெச்சு ரத்தம் எடுத்தே. டாக்டர் வாயை என் கையெழுத்தால அடைச்சே. அப்புறம் விரதம் வரட்டும்னு காத்துண்டிருந்தே. எவ்வளவு தைரியம் இருந்தா, கொலைக்கு என் பேனாவை எடுப்பே நீ?"

"நான் ஒண்ணும் குடுக்கலையே மேடம்" என்று முனகினான். "அவராத்தான நிறுத்துனாரு..."

அதற்குமேல் பேச முடியவில்லை. ஆறுமுகத்தாயின் கை அவன் கன்னத்தில் இறங்கியிருந்தது. லேப்பே அதிர்ந்தது.

"நாலு நாளு உள்ள கெடந்தேன். நாலு நாளும் டப்பாவுல சோறு கொண்டாந்தியல. அள்ளித் திங்கச் சொல்லிப் பக்கத்துலயே உக்காந்திருந்தியல. அந்தச் சோத்த எப்படில உன் கையால அள்ளி வச்ச?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் மறுபடி அடிக்கவில்லை. அப்போதுதான், நாலு நாளில் முதல் தடவையாக, உட்கார்ந்து அழுதாள். ராஜலக்ஷ்மி பக்கத்தில் போய் நின்றாள். அவள் தோளில் கை வைத்தாள்.

அஷ்வத் மெதுவாக நெருங்கினான். நம்முடைய 17.8 ரிப்போர்ட்டைப் பற்றி வெளியே பேச வேண்டாமே என்று தொடங்கினான். ராஜலக்ஷ்மி அவன் எதிரிலேயே அந்தத் தாளை எடுத்து, நார்மல் என்ற வார்த்தையைக் குறுக்கே அடித்து, தேதி போட்டு, கீழே எழுதினாள்: இந்த முறையில் இந்த அளவு நம்பத் தக்கதல்ல. கையெழுத்து போட்டு மன்சூர் அலியிடம் நீட்டினாள். இனி மருந்து என்ன என்று எழுதாத சீட்டு ஒன்றுகூட என் மேஜைக்கு வரக்கூடாது என்று அஷ்வத்திடம் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

மன்சூர் அலி வாஷியிலிருந்து வந்த இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றில் இறந்துபோன ஞானதுரை, ஏழு மாத கர்ப்பம். இன்னொன்றில் உயிரோடிருக்கும் பில்டிங் செகரெட்டரி, செத்துப்போனவர் ரத்தத்தோடு.

"இத வச்சு நான் எஃப்.ஐ.ஆர். எழுதுனா எங்க பெரிய ஐயா என்னயத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாரு மேடம்" என்றான்.

பிறகு இசக்கிராஜின் கையில் விலங்கை மாட்டி, படியில் இறக்கி, ஜீப்பின் பின்கதவைத் திறந்தான்.

"ஏறுல. உங்க அத்தானுக்கு ஏழு மாசம்னு ரிப்போர்ட் வாங்குனேல்லா... இனி நீயும் உக்காந்து மாசம் எண்ணு. என்ன ஒண்ணு, உனக்குப் பத்தோட முடியாது!"